அரையணா பிடித்தம்

திருமங்கலத்துக்குக் கடல் கிடையாது.
குண்டாற்றில் முழங்கால் தண்ணீர் வந்தாலே
ஊர் கூடி நின்று பார்க்கும்.
அந்த ஊருக்குத்தான் ஒரு கப்பல் வந்து சேர்ந்தது,
துண்டு துண்டாக, கூட்ஸ் வண்டியில்.

பஞ்சு ஆலைப் பேரேட்டில் வரவு வைத்தவன் நான்:
குட்டிக் கொதிகலன் ஒன்று.
பித்தளைச் சங்கு ஒன்று, ஓரம் நசுங்கியது.
இரும்புச் சங்கிலி, எடை பார்க்கவில்லை.
நாகப்பட்டினத்து ஏலத்தில் பாதி விலைக்கு எடுத்த சந்தோஷத்தில்
முதலாளி எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி வாங்கித் தந்தார்.

உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்த சவரிமுத்து கூப்பிட்டான்.
"கணக்கரய்யா, இங்க ஏதோ இங்கிலீஷ் எழுத்து."
பாதிப் பெயர்தான் மிஞ்சியிருந்தது.
பாதி போதும்.

கிலியோரா.
நம் சனங்கள் வாயில் கிளியம்மா.
கிளியம்மா ஏறினவனுக்குப் பினாங்கில் பசி கிடையாது
என்பான் கங்காணி.

இரண்டு வருஷம் நான்கு மாதம், அவ்வளவுதான் ஓடியது.
போகும்போது ஆள். வரும்போது தகரமும் கொட்டைப்பாக்கும்.
ஐந்தாம் நடையில் வாந்திபேதி:
பதினாறு பேரைச் சாக்கில் கட்டி இறக்கினார்கள்.
எட்டாம் நடையில் ஒரு பிரசவம்,
பிள்ளைக்குக் கப்பலின் பேரையே வைத்தார்களாம்.
பன்னிரண்டாம் நடை ஐப்பசியில்.
நாகை விளக்கு கண்ணை விட்டு மறையும் முன்னே
காற்று தெற்கே தள்ளியது.
கோடியக்கரை மணல்திட்டு அடிவயிற்றில் குத்தி நிறுத்தியது.
முழுசாக மூழ்கக்கூட இல்லை;
களைத்த மாடு போல் ஒருபக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது.
கீழ்த்தளக் கதவில் வெளிப்பூட்டு.
சாவி வைத்திருந்தவன் முதல் படகில்.

ஏறியவர் நானூற்றுப் பன்னிரண்டு.
கரை கண்டவர் ஐம்பத்தேழு.
மீதியைக் கழித்துப் பார்க்க
எந்த ஆபீசும் தாள் செலவழிக்கவில்லை.

எனக்குக் கழிக்கத் தெரியும்.
ஆலைக்கு வருமுன் கங்காணிக்கு எழுத்துக்காரன் நான்,
தலைக்கு இரண்டணா.
ஸ்டேஷன் புளியமரத்தடியில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு
உட்கார்ந்திருப்பேன்.
பேர்?
மாயழகு.
தகப்பன்?
பஞ்சத்துல போயிட்டாரு.
பேரைச் சொல்லுடா.
அவன் பெண்டாட்டி பக்கத்தில் நின்றாள்.
வறுத்த சோளம் கட்டிய துணிமுடிச்சு கையில்.
வண்டி நகர்ந்து, புகையும் கலைந்த பிறகுதான்
முடிச்சு இன்னும் தன் கையிலேயே இருப்பதைப் பார்த்தாள்.

சீனியம்மாள். இப்போது எங்கள் ஆலையில் பருத்தி ஆய்கிறாள்.
அவன் அங்கே எவளோடோ குடித்தனம் நடத்துகிறான்
என்று கங்காணி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.
நம்பிக்கொண்டாள்.
தூசிக்கு முக்காடு போட்டுக்கொண்டு
பகல் முழுக்க அவனை வைகிறாள்,
அவன் மூக்கை, அவன் நடையை, அந்த எவளை.
கழுத்தில் மஞ்சள் கயிறு வாரம் தவறாமல் புதுசு.
வைவதற்கு ஒருத்தன்
உயிரோடு இருக்கிறான் அவளுக்கு.
அதை நான் எப்படிக் கழிப்பேன்?

சங்கை ஏற்றிய முதல் விடியல்.
மற்ற ஆலைச் சங்குகள் போல் கீச்சிடவில்லை அது.
அடித்தொண்டையில் தொடங்கி, நடுவில் உடைந்து,
மறுபடி தொடங்கியது.
நாகைக்கு ஒருமுறை ஆள் கொண்டுபோய் விட்டபோது,
சலங்குப் படகுகள் அலைமேல் குதித்துக் குதித்துப் போக,
தூரத்தில் கேட்ட அதே குரல்.
நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று சீனியம்மாள் கால்மணி நேரம் தாமதம்.
"சங்கு கேக்கலையா?"
"கேட்டுச்சுய்யா. வாசல்ல கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்.
எங்க வாங்குனீக இதை?"
"பழசு."
"பழசுன்னா?"
வரிசையில் பின்னால் நின்றவள் அவளை இடித்தாள்.

பேனாவை மையில் தொட்டேன்.
சங்குக்குப் பின் வந்தவள், சீனியம்மாள்:
அரையணா.
மை காயக் கொஞ்ச நேரம் ஆயிற்று.